இலவேரா என்று ஒரு பேர்

விருத்தாசலம்
9.6.2023

என் கனிக்கு,

எத்தனை முறை போன் செய்தாயோ! போனை அவர் வாங்கி வைத்துக்கொண்டு நாற்பது நாளாகிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கண் கெட்டுவிடுமாம். ஆமாம், ஏப்ரல் 28இல் எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் பிரசவத்துக்கு நல்லூர் போயிருப்பேன், நீயும் வந்து பார்த்திருப்பாய்.

வீடும் செராமிக் யூனிட்டும் ஒரே காம்பவுண்டுக்குள். கேட் சாவி அவரிடம். என் ஜன்னலுக்கு வெளியே காயவைத்த பொம்மைகள்தான் தெரிகின்றன. அங்கே வேலை செய்யும் வீராயி அக்காதான் இதைத் தபாலில் போடுகிறார். பதிலை அக்காவின் ஊர் விலாசத்துக்கே அனுப்பு, கீழே எழுதியிருக்கிறேன்.

ஹாஸ்டலில் அந்த நாவலின் ஏழு பாகத்தையும் மாற்றி மாற்றிப் படித்தோமே, அன்று சொன்னபடி அதன் நாயகி பேரை, இலவேரா என்றுதான் வைக்கப்போகிறேன். பிறப்புச் சான்றிதழில் பேர் இடம் காலியாக இருக்கிறது. அர்த்தம் கேட்டால் என்ன சொல்ல? புத்தகங்கள் உன்னிடம்தானே. பார்த்து எழுது.

உன்
வளர்மதி


திருச்சி
21.6.2023

வளர்,

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். எனக்கு ஒரு போட்டோகூடக் கிடையாதா என்று கோபித்துக்கொள்ள நினைத்தேன். போனே இல்லாதவளிடம் எப்படிக் கேட்பது?

முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: இலவேரா, மலைவாசிகள் மொழியில், தன் பெயரைத் தானே சொல்பவள். தைரியமாகச் சொல். டி.வி. தொடராக வந்த பிறகு இந்தப் பேர் எங்கும் பரவிவிட்டது. எங்கள் ஸ்கூல் எல்.கே.ஜி.யில் மட்டும் இந்த வருஷம் நாலு இலவேரா. வருகைப் பதிவு எடுக்கையில் நாலும் சேர்ந்து கை தூக்குகின்றன.

சாப்பிடுகிறாயா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

கனிமொழி


விருத்தாசலம்
12.12.2023

கனி,

இதுவரை ஏன் எழுதவில்லை என்றால், எழுத நல்லதாக எதுவும் நடக்கவில்லை.

பேர் வைக்கும் அன்று, கூட்டத்துக்கு நடுவில் நான் சொன்னேன். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். “பொட்டப் புள்ளைக்கு எளவுன்னா பேரு வப்பாங்க?” என்றார். ஜோசியர் தந்த எழுத்தில் தேவகி என்று காதில் ஓதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான் விடவில்லை, மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வாரம் அவர், யாருமே வைக்காத பேரை வைத்தால் ஸ்கூலில் சிரிப்பார்கள் என்றார். நான் வாய் தவறி, திருச்சியில் ஒரே வகுப்பில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

என் பெட்டியில் உன் கடிதத்தைத் தேடி எடுத்து, உறை மேல் விலாசத்தைப் பார்த்து, அன்று சாயந்தரமே வீராயி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். கடிதத்தை அடுப்பில் போட்டார். இன்று அக்கா தன் பையை எடுக்க வந்தார், அவர் கையில்தான் இதைத் தருகிறேன். என்னால் ஒருத்திக்குப் பிழைப்பு போனது. நீ இனி எழுத வேண்டாம்.

வளர்


திருச்சி
2.1.2024

வளர்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வகுப்பில் நாலு இலவேரா என்று உனக்கு எழுதியவள் நான்தானே. உன் கைக்கு இது வராமலும் போகலாம்.

ஒன்றை மறைத்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு எட்டாம் பாகம் வந்தது. அதில் இலவேரா ஊரையே கொளுத்துகிறாள், சொந்தத் தங்கையைச் சிறை வைக்கிறாள். எங்கள் ஸ்கூலில் இரண்டு பேர் பிள்ளையின் பேரை மாற்ற மனுக் கொடுத்துவிட்டார்கள். போகட்டும், வளர். தேவகியும் நல்ல பேர்தான். ஒரு பேருக்காக அந்த வீட்டில் இன்னும் அடிபடாதே. நீ அடி என்று எழுதவே இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும்.

வர முடிந்தால் வா. என் அறையில் மூவர் படுக்கலாம்.

கனி


கம்மாபுரம் பக்கம், வீராயி அக்கா வீடு
31.1.2024, புதன்

கனி,

உன் கடிதம் இங்கே அரிசிப் பானை மேல் பிரிக்காமல் இருந்தது. இன்றுதான் படித்தேன்.

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. அத்தைக்குக் கால் வீக்கம், கூட வரவில்லை. பாப்பாவின் அப்பா என்னை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். நர்ஸ் பேர் கேட்டார். என் வாயில் தேவகி என்றுதான் வந்தது, கனி. அதைக் கேட்டதும் எனக்கே பயம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் வேறெதுவும் வராது.

ஊசி போட்டதும் வெளியே வந்து, நின்றிருந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் காசில்லை என்பதால்தான் ஏற முடிந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், வேறெதுவும் யோசிக்கவில்லை.

பாப்பா பேர் என்ன என்று அக்கா கேட்டார். சொன்னேன். அர்த்தம் கேட்கவில்லை. “வேரா, வாடி” என்று தூக்கிக்கொண்டார். எட்டாம் பாகத்தில் அவள் எந்த ஊரைக் கொளுத்தினால் எனக்கென்ன? இவளுக்கு ஊசி போட்ட காய்ச்சல் அடிக்கிறது, தூங்குகிறாள்.

அக்கா சற்று முன் சொன்னார்: “அஞ்சு மணிக்கு பஸ்ஸு திரும்புது, அத வுட்டா காலையிலதான். போறன்னா கொண்டாந்து ஏத்திவுடறேன். போவலன்னா உனக்கும் சேத்து உலை வக்கிறேன்.”

மணி நாலே முக்கால். அவர் இந்நேரம் தேட ஆரம்பித்திருப்பார், இந்த வீடும் அவருக்குத் தெரியும்.

உலை வைக்கச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நானே வந்துவிடலாம்.

வளர்மதி, இலவேரா