அன்புடையீர் என்று வந்த தபால்

பழந்தெரு பாதுகாப்புச் சங்கம்
கடித எண் 41
மார்ச் 4

பெறுநர்: உரிமையாளர், வீட்டு எண் 17

அன்புடையீர்,

தங்கள் வீட்டின் தெருப்பக்க ஜன்னலை இரண்டடி அகலப்படுத்த அனுமதி கோரித் தாங்கள் அளித்த விண்ணப்பம் பிப்ரவரி 26 அன்று கூடிய நிர்வாகக் குழுவில் பரிசீலிக்கப்பட்டது. ஆதரவாக மூன்று, எதிராக மூன்று என வாக்குகள் சமமானதால், தலைவர் தமது முடிவு வாக்கை எதிராக அளித்தார். நூறாண்டு கண்ட நமது தெருவின் முகப்புகளில் எந்த மாற்றமும் செய்யலாகாது என்னும் ஆறாம் விதியின்படி தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர்
(இல்லம்: வீட்டு எண் 17)


மார்ச் 11

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடித எண் 41 கிடைத்தது. தபால்காரர் வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டபோது, தாங்கள் பத்தடி தள்ளி அடுப்படியில் எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தீர்கள். "யாருங்க வாசல்ல?" என்று குரல் வேறு கொடுத்தீர்கள். "நீ அனுப்பின ஆளுதான்" என்றேன். அதற்குப் பிறகு டீ வரவே இல்லை.

கட்டிய கணவனுக்குப் பதிவுத் தபால் போட்ட முதல் பெண்மணி தாங்களாகத்தான் இருப்பீர்கள். இருபத்தொன்பது வருஷம் 'என்னங்க' என்று கூப்பிட்ட வாய். கை மட்டும் எப்படி 'அன்புடையீர்' என்று எழுதியது?

அதனால்தான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன். "அண்ணி போட்ட லெட்டருக்கு அண்ணன் கோவிச்சுக்கிட்டு வந்திருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். தபால்தான் தங்களுக்குப் பிடித்த வழி என்றால் இனி எனக்கும் அதுவே.

இங்ஙனம்,
உரிமையாளர், வீட்டு எண் 17
(தற்சமயம் அங்கே இல்லை)


மார்ச் 18

என்னங்க,

உங்கள் கோபம் எனக்குப் புதிதில்லை. அதற்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருப்பதுதான் புதிது.

முதலில் தபால் போட்டது யார்? வாட்ச் ரிப்பேர் செய்கிறவர், மேசைக்கு வெளிச்சம் வேண்டும், சரி. ராத்திரி நான் பரிமாறச் சாப்பிட்டுவிட்டு, காலையில் போய் விண்ணப்பத்தைச் சங்கத்துப் பெட்டியில் போட்டீர்களே, அது என்ன? கூட்டத்தில் நாம் 'முத்திரை' என்று கூப்பிடுகிற செயலாளர் (அவர் தன் வீட்டுப் பால் பையைத் தவிர எல்லாவற்றிலும் முத்திரை குத்துவார், உங்களுக்குத் தெரியும்) "அடுத்தது பதினேழாம் நம்பர்" என்று படித்தபோது, எழுத்தைத் தப்பாகப் படிக்கிறார் என்றே நினைத்தேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது என் முகத்திலேயே எழுதியிருந்தது. பல் டாக்டர் மட்டும் கண்ணை எடுக்கவே இல்லை. போன வருஷம் அவர் கேட்ட கண்ணாடிக் கதவை ஆறாம் விதியைக் காட்டித் தட்டிவிட்டவள் நான். அவருக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்காக எந்த முகத்தோடு கை தூக்குவேன், சொல்லுங்கள்.

இன்னொன்று. சங்கக் கட்டடத்துக் கடிகாரம் நான்கு பத்தில் நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் நீங்கள் சாவி கொடுத்து வந்தது இப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வருகிறது. தெருவே தடுமாறுகிறது. பேக்கரிக்காரர் என்னிடம் வந்து மணி கேட்கிறார், ஏதோ நான்தான் சூரியனைக் கிளப்பி அனுப்புகிறவள் மாதிரி.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் மனைவி
(தலைவர் என்று கையெழுத்துப் போட வந்த கையை நிறுத்திவிட்டேன்)


மார்ச் 27

தலைவரம்மா,

கடிகாரம் என்ன பாவம் செய்தது? சாவி என் மேசை இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்குள் இருக்கிறது. ஏணியின் நான்காம் படி ஆடும், அதைத் தாண்டி ஐந்தில் கால் வை. வலது ஓட்டை நேரம் ஓட, இடது ஓட்டை மணி அடிக்க. ஒவ்வொன்றுக்கும் பதினான்கு சுற்று. பதினைந்தாவதுக்கும் இடம் இருக்கிற மாதிரித் தோன்றும், அங்கேதான் ஸ்பிரிங் அறும். ஆசைப்படாதே. பெண்டுலத்தைத் தள்ளாமல் ஒரு பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேள். ஒரு டிக் நீளம், ஒரு டிக் குட்டை என்று நொண்டினால் பெட்டிக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வை.

வீட்டில் ஏன் கேட்கவில்லை என்கிறாய். எப்போது கேட்பது? சாயங்காலமானால் "தலைவரம்மா இருக்காங்களா?" என்று யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பார். ஒருவருக்கு ஓடு, ஒருவருக்குச் சாக்கடை, ஒருவருக்குப் பக்கத்து வீட்டு மாமரம். எல்லாம் நல்ல காரியம்தான், நானும் தெருக்காரன்தான். ஆனால் சங்கத்துப் பெட்டியில் போட்டால் பதினைந்து நாளில் பதில் வர வேண்டும் என்று விதி இருக்கிறது. புருஷன் கேட்டால் இத்தனை நாளில் பதில் என்று எந்த விதியும் இல்லையே.

அவன்தான்


ஏப்ரல் 9

என்னங்க,

பதினான்கு சுற்று எண்ணிக் கொடுத்தேன். பதினைந்தாவதுக்கு ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன். நொண்டியது. அடியில் மடித்து வைக்க அட்டை தேடினேன், கையில் கிடைத்தது கடித எண் 41-இன் அலுவலகப் பிரதி. நாலாக மடித்து வைத்தேன். இப்போது சீராக ஓடுகிறது. அந்தக் கடிதத்தால் ஒரு நல்லது நடந்திருக்கிறது.

அதைத் தபாலில் போட்டதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. முத்திரை அன்றைக்கே சொன்னார், "இதை நீங்களே கையில குடுத்துடுங்கம்மா, ஒரே வீடுதானே." நான்தான் "எல்லாருக்கும் போற மாதிரியே போகட்டும்" என்றேன். நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். நேர்மை இல்லைங்க, பயம். உங்கள் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு தெருவையே அதட்டுகிறவளுக்கு அது மட்டும் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் உங்கள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் பாதியில் விட்ட கைக்கடிகாரம் கிண்ணத்தில் பிரித்தபடி கிடக்கிறது, மேலே கண்ணாடி மூடியைக் கவிழ்த்திருக்கிறேன். சும்மா ஓர் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். நாலு தடவை முயன்றும் முடியவில்லை. மணி இரண்டுதான், வெளியே வெயில் கொளுத்துகிறது. இந்த இருட்டில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள்? நான் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லையே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், மறைப்பானேன்.

உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? முதல் கடிதம் ஒரே பக்கம். அடுத்தது மூன்று பக்கம் வந்திருக்கிறது, விஷயம் என்னவோ அதே அளவுதான். மழுப்பாமல் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 20

இந்தாம்மா,

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். ஜனவரியில் கண் டாக்டரிடம் போனேன், உன்னிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறதாம். எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் மங்குகிறது. "நல்ல வெளிச்சத்துல உக்காந்தா ஒண்ணு ரெண்டு வருஷம் இந்த வேலை பாக்கலாம்" என்றார். அதனால்தான் ஜன்னல் கேட்டேன்.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் கண் என்று எழுதியிருந்தால் ஆறு பேரும் கை தூக்கியிருப்பார்கள். நீயும் தூக்கியிருப்பாய். இரக்கப்பட்டுப் போடுகிற ஓட்டு எனக்கு வேண்டாம் என்று 'வெளிச்சம் போதவில்லை' என்று மட்டும் எழுதினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் வீட்டில் பெரிய ஜன்னல் இல்லையா என்ன? மாடியறையில், கிழக்குப் பார்த்து, ஆள் உயரத்துக்கு ஒன்று இருக்கிறது. நீ தலைவரான வருஷம் சங்கத்து பீரோ மூன்றும் அதன் முன்னால் வந்து நின்றன. "ரெண்டு மாசந்தாங்க" என்றாய். முத்திரையோடு சேர்ந்து தூக்கி வைத்ததே நான்தான். ஒன்பது வருஷம் ஆகிறது. கேட்டிருந்தால் அன்றே காலி செய்து கொடுத்திருப்பாய். கேட்காமலே உனக்குத் தோன்றட்டும் என்று காத்திருந்தேன். அது வீம்பு. தெருப்பக்க ஜன்னலைக் கேட்டதுகூடப் பாதி கண்ணுக்காக, பாதி உன்னைச் சீண்ட.

இங்கே தங்கச்சி வீட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் யாரும் 'என்னங்க' என்று கூப்பிடுவதில்லை.

அவன்தான்


மே 2

என்னங்க,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னால் ஜன்னல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொந்த வீட்டில் ஒன்று குறைந்ததே தெரியவில்லை.

மறுநாளே குழுவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன், கண்ணைப் பற்றியும் சொன்னேன், கோபித்துக்கொள்ளுங்கள். பல் டாக்டர்தான் முதலில் சட்டைக்கையை மடித்தார். மூன்று பீரோவும் சங்கக் கட்டடத்துக்குப் போய்விட்டன. முத்திரை ஒவ்வொன்றுக்கும் ரசீது எழுதி முத்திரை குத்தினார். ஜன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்கவில்லை, உங்கள் எண்ணெய்க் குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டேன். காலை ஏழு மணிக்குச் சுவரில் விழுகிற வெயில் பதினொன்று வரைக்கும் அறையை விட்டுப் போவதில்லை. மேசையை ஏற்றிவிட்டோம். நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்று மட்டும் தெரியவில்லை.

தெருப்பக்க ஜன்னலுக்கு என் ஓட்டை மாற்ற மாட்டேன், விதி விதிதான். இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இத்துடன் சங்கத்தின் படிவத்தில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். உங்களுக்குத்தான்.

விண்ணப்பதாரர்: தலைவர், வீட்டு எண் 17
கோருவது: வீட்டுக்காரர் வீடு திரும்ப வேண்டும்
காரணம்: வெளிச்சம் போதவில்லை


மே 10

இந்தாம்மா,

மை பேனா எழுத்து எனக்குத் தெரியவில்லை. தடித்த பேனாவால் எழுதுகிறேன். பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

உன் விண்ணப்பத்தைத் தங்கச்சிதான் படித்துக் காட்டினாள். 'காரணம்' வந்ததும் தாளை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் மறுபடி டாக்டரைப் பார்த்தேன். நினைத்ததைவிட வேகமாகத் தேய்ந்துவிட்டதாம், கைக்கடிகார வேலை இனி முடியாது என்று சொல்லிவிட்டார். ஜன்னல் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. உன்னால் மட்டும் இல்லை, நானும்தான் வாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தில் இருப்பதை வேறு யாரிடமாவது கொடுத்துப் பொருத்தச் சொல். மேசையைக் கீழே இறக்கிவிடு. மாடி ஜன்னல் முன்னால் இரண்டு நாற்காலி போடு. காலை வெயில் முகத்தில் படுவது எனக்குத் தெரியும். நீ சங்கத்துக் காகிதங்களைப் படி, நான் கேட்கிறேன்.

ஞாயிறு காலை வருகிறேன். அன்றைக்குக் கடிகாரத்துக்கு நீ சாவி கொடுக்காதே. பதினான்கு எண்ணுவதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். ஏணியை மட்டும் பிடித்துக்கொள்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இதற்குப் பதில் தபாலில் வேண்டாம். கதவைத் திறந்து, 'என்னங்க' என்று சொல்.

அவன்தான்