வளைந்த கைப்பிடிக்காரிக்கு

போன சனிக்கிழமை புத்தளம் டவுனில், பழைய ஜப்பான் சைக்கிள் விற்கும் அந்தக் கடைக்குள் கால் வைத்ததும் டயர் வாசம் மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். கடைக்காரர் என் அபாயாவையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "மகனுக்கா சிஸ்டர்?" என்றார். எனக்குத்தான் என்றேன். "அப்ப கூடை வச்ச லேடீஸ் சைக்கிள் ஒண்டு காட்டவா?" என்றார். சந்தைக்குப் போக இல்லை, ஆலங்குடாவிலிருந்து நுரைச்சோலைக்கு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக வேண்டும் என்றதும்தான் மனிதர் கதிரையை விட்டு எழும்பினார்.

இரண்டை இறக்கி வைத்தார். ஒன்று வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் உள்ள ரோட் பைக். மற்றது நேரான கைப்பிடியும் கொஞ்சம் தடித்த டயரும் உள்ள ஹைபிரிட். இதே கடையில் இதே இரண்டு வகைக்காகத்தான் நீயும் நானும் சண்டை பிடித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

பெற்றோலுக்கு நாடே கியூவில் நின்ற காலம். ஸ்கூட்டிகள் வீட்டில் தூங்கின. ஆனால் நாம் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குச் சுகர் பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வந்து வாசலில் காத்திருப்பார்கள். இரத்தம் எடுக்க நாம் பிந்திப் போனால் அவர்களுக்கு மயக்கம் வந்துவிடும். சைக்கிள்தான் வழி என்று முதலில் சொன்னது நீதான்.

நீ வளைந்த கைப்பிடியைப் பிடித்தாய், விடவில்லை. "கச்சான் காத்து தொடங்கினா காலையிலேயே முகத்துல அடிக்கும் புள்ள. நிமிர்ந்து இருந்தா அது நம்மளத் தள்ளும். குனிஞ்சு போனா மேலால போயிரும்" என்றாய். ரோட்டில் காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை என்ன செய்வாய், குறுக்கே வரும் மாட்டை என்ன செய்வாய் என்று நான் கேட்டேன். "மாடு என்னப் பாத்து விலகும்" என்றாய். நீ ரோட் பைக் வாங்கினாய், நான் ஹைபிரிட் வாங்கினேன். வழியெல்லாம் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அபாயா செயினில் மாட்டாமல் இருக்க, இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் ரப்பர் பட்டியில் தேய்ந்துபோனதை எடுத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்வோம். ஒருநாள் நீ அவசரத்தில் நல்ல பட்டியையே கட்டிக்கொண்டு வந்துவிட்டாய். முதலாளி மேசை லாச்சியெல்லாம் இழுத்துத் தேடுகிறார், நீயும் அவரோடு சேர்ந்து மும்முரமாகத் தேடுகிறாய். பட்டி உன் காலில். சிரிப்பை அடக்க முடியாமல் நான் உள்ளே ஓடினேன்.

பிறகு பள்ளிவாசல் கமிட்டி ஹாஜியார் உன் வீட்டுக்கு வந்தார். "பொம்புளப் புள்ள ரோட்டுல அப்படிக் குனிஞ்சு போறது அழகில்ல" என்று உன் உம்மாவிடம் சொன்னார். நீ உள்ளேயிருந்து வந்து, "உங்கட தோட்டத்துல நாள் முழுக்கக் குனிஞ்சுதான் வெங்காயம் புடுங்குறாங்க ஹாஜியார். அப்ப அழகு பாக்கல்லயே?" என்று கேட்டாய். உன் உம்மாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெற்றோல் வந்து எல்லோரும் ஸ்கூட்டிக்குத் திரும்பிய பிறகும் நாம் சைக்கிளை விடாததற்கு அந்த ஹாஜியாரும் ஒரு காரணம்.

என்னை எப்போதும் பின்னால் விட்டுப் போகிற நீ, பிறகு எனக்குப் பின்னால் வரத் தொடங்கினாய். மூச்சு வாங்கியது. கையில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள். நான்தான் உன் கையில் பட்டியைக் கட்டி இரத்தம் எடுத்தேன். முடிவைப் பார்த்துவிட்டு மெஷின்தான் பிழை என்று மறுபடி ஓடவிட்டேன். மெஷினில் பிழை இல்லை. இரத்தப் புற்றுநோய் என்று கொழும்பில் உறுதியாகச் சொன்னார்கள். அதன்பிறகு நீ அதிக காலம் இருக்கவில்லை.

ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துப் போய், வீட்டில் யாஸீன் ஓதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதை தொடங்கிவிட்டது. "வெயிலுல சைக்கிள் ஓடி ஓடியே ரத்தம் வத்திப் போச்சாம்." உன் நோய்க்கும் சைக்கிளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டொக்டர் சொன்னதை எத்தனை பேரிடம் சொன்னேன்! யாருக்கு வேண்டும் டொக்டர்? இப்போது ஊரில் எந்தப் பிள்ளை சைக்கிள் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்லிப் பயம் காட்டுகிறார்கள். உப்புக்காற்றில் என் சைக்கிள் துருப்பிடித்து உடைந்ததும் என் உம்மாவே, "போதும் மகள், இனி ஸ்கூட்டியில போங்க" என்றார். நான் இறங்கிவிட்டால் அந்தப் பொய் உண்மையாகிவிடும். இறங்க மாட்டேன்.

கடைக்காரர் இரண்டையும் ஓடிப் பார்க்கச் சொன்னார். ரோட் பைக்கில் முதல் மிதியிலேயே விளங்கிவிட்டது, நீ ஏன் விடவில்லை என்று. பறக்கிறது அது. கண் கலங்கிவிட்டது. உனக்காக அதையே வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஒருநாள் மணலில் சறுக்கி நான் கையை உடைத்துக்கொண்டால் ஊருக்குக் கொண்டாட்டம், இரண்டாவது சாட்சியும் கிடைத்துவிடும். எனக்கு வேகம் வேண்டாம், ஒவ்வொரு நாளும் போய்ச் சேர வேண்டும். ஹைபிரிட்டையே எடுத்தேன். நீ இருந்திருந்தால் ஒரு கிழமை முழுக்க என்னோடு பேசியிருக்க மாட்டாய். பேசாதே. இந்த விஷயத்தில் அன்றும் நான்தான் சரி, இன்றும் நான்தான் சரி.

நேற்றுக் காலை சந்தித் தேத்தண்ணிக் கடையில் அதே ஹாஜியார். "இன்னும் விடல்லயா மகள்? அவக்கு நடந்தது தெரியும்தானே" என்றார். முன்பெல்லாம் இப்படி யாராவது கேட்டால் பதில் சொல்வது உன் வேலை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது என் வேலை. நேற்று நான் பிரேக் பிடித்தேன். ஒரு காலை நிலத்தில் ஊன்றினேன்.

"ஓம் ஹாஜியார், தெரியும். அவட ரத்தத்த எடுத்ததே நான்தான். நீங்களும் நாளைக்குச் சுகர் பாக்க வாங்க. ஒண்டும் சாப்பிடாம, சீனித் தேத்தண்ணி குடிக்காம வாங்க. நான் நேரத்துக்கு அங்க இருப்பன்."