பதினொரு தளங்களில் ஒரே வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. முழங்காலுக்கு மட்டும் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு படியேறு. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு நீ படியேறுகிறாய் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் வளவளவென்று பேசிவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். இது விழுங்கக்கூடாத விஷயம். உன் பூனை மேனேஜர் செத்ததைப் பற்றியது. படித்த பிறகு நீ என்னோடு பேசுவாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடைசி வரை படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். பூனைக்கு ஒரு பத்திரிகையா, எலிக்கு எப்போது என்று கேட்டாயே, அந்த இணையதளம்தான். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை. ஐந்து பேர், ஒரு வெந்நீர்க் கெண்டி, கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலமாரி. தலைமை ஆசிரியர் என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் காதில் விழாமல் நாங்கள் கத்தரி என்போம். பெயர்க் காரணம் முதல் வாரமே தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு வழக்கம். எழுதியதை எழுதியவரே உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் மற்றவர்கள் கேட்பார்கள்: "யார் சொன்னது? எப்போ சொன்னது? இப்பவும் அப்படித்தான் சொல்றாங்களா?" பதில் இல்லையென்றால் அந்த வரி போச்சு. என் முதல் கட்டுரையில் நாற்பத்திரண்டு வரிகள். வெளியே வந்தபோது பத்தொன்பது. பத்து வருஷம் எழுதிப் பிழைத்தவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன். 'எப்போதும்' என்று போடுவதா, 'பெரும்பாலும்' என்று போடுவதா என்று எங்கள் கால்நடை மருத்துவரும் கத்தரியும் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் டாக்டர் வேறொரு ஊரில் இருக்கும் தன் பழைய சிநேகிதியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒரே ஒரு சொல்லுக்காக, அண்ணா! நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ முகம் தெரியாத ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒரு பூனைக்காக இவ்வளவு பாடுபடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் எழுதியவர் பெயர், சரிபார்த்த மருத்துவர் பெயர், தேதி. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. லிஃப்டைப் பழுது பார்த்ததும் நீயே முதலில் ஏறி உச்சி மாடிவரை போய்வருவாயே, அதற்குப் பிறகுதானே அட்டையில் கையெழுத்துப் போடுவாய். நான் எழுதிய எதிலும் அதுவரை நான் ஏறிப் பார்த்ததில்லை.

போன மாதம் வாசகி ஒருத்தி ஒரு வரியை அனுப்பி, இது சரியா என்று கேட்டிருந்தாள். ஆண் பூனை, அது கழிய வைத்திருக்கும் மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றுமில்லாமல் எழுந்தால் அது மலச்சிக்கல்தான், இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள் என்று அதில் இருந்தது. டாக்டர் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம், அப்படியென்றால் மணிக்கணக்குத்தான், நாள் கணக்கு கிடையாது, உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றார். இந்த வரி எங்கே பிறந்தது என்று தேடும் வேலையைக் கத்தரி என்னிடம் கொடுத்தாள்.

தேடினேன். பதினொரு தளங்களில் அதே வரி இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. ஒரு தளத்தில் 'நிபுணர்கள் கருத்து' என்று மேலே தலைப்பு. ஒரு பொய் வரி இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறதே என்று பிரமித்துப் போனேன். தேதிகளைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போய், எல்லாவற்றிலும் பழைய பக்கத்தைத் திறந்தேன். பெயர் இல்லாத கட்டுரை. அந்த வரிக்கு அடுத்த வரி மற்ற எதிலும் இல்லை, அதில் மட்டும் இருந்தது. 'கவலை வேண்டாம், வயிற்றுக்கே வழி தெரியும்.'

அம்மா சொல்வதுதான், அண்ணா. நமக்கு வயிற்று வலி வந்தால் சீரகத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் பொறு, வயித்துக்கே வழி தெரியும் என்பாளே. உலகத்தில் வேறு யார் அப்படி எழுதுவார்கள்? நான்தான் எழுதினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், வேறொரு தளத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை எழுதித் தள்ளிய காலத்தில். பூனையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், யாரையும் கேட்காமல். எண் ஒன்று இருந்தால் நம்புவார்கள் என்று 'இரண்டு நாள்' என்று போட்டேன்.

மேனேஜர் போன அன்று நீ போனில் சொன்னது அந்த இடத்திலேயே மறுபடி என் காதில் விழுந்தது. "நெட்ல பொறுக்கச் சொல்லியிருந்துச்சு. படிக்கும்போது அம்மா சொல்ற மாதிரியே இருந்துச்சு, அதான் நம்பிட்டேன்." அன்று நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? கண்டதையும் படித்து நம்பாதே என்று உன்னைத் திட்டினேன். நானா திட்டினேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கத்தரியிடம் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவாள் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. முதல்ல நம்ம தளத்துல சரியான பக்கம் ஒண்ணு போடுவோம். அழறது அப்புறம்" என்றாள். ஒரு மணி நேரத்தில் சரியான பக்கம் வெளியே போய்விட்டது. பதினொரு தளங்களுக்கும் எழுதினோம். இதுவரை நான்கு திருத்தியிருக்கின்றன. மற்ற ஏழையும் நான் விடுவதாக இல்லை.

இங்கே தவறை அழிக்கமாட்டார்கள். வேறு தளத்தில் எழுதிய தவறானாலும், பழைய வரியைக் கோடு போட்டு அப்படியே காட்டி, எது தவறு, யார் எழுதியது, எப்படித் தெரிந்தது என்று மேலே எழுதுவார்கள். என் பெயர் இப்போது அங்கே இருக்கிறது. எப்படித் தெரிந்தது என்ற இடத்தில் 'ஒரு வாசகி கேட்டதால்' என்று மட்டும் போட்டிருக்கிறோம். அங்கே மேனேஜரைப் பற்றியும் ஒரு வரி எழுதலாமா? அண்ணன் சம்மதித்தால் மட்டும், அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பக்கத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ ஒரு தடவை ஏறிப் பார். எங்கே ஆட்டம் தெரிகிறதோ அங்கே பென்சிலால் குறி.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது உன் இஷ்டம். ஆனால் வேறொன்றைக் கேட்பேன். உன் வாசலுக்கு ஒரு சாம்பல் நிறக் குட்டி வருகிறது, பாலை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன், என் கையில் எதுவும் பிழைக்காது என்று சொன்னாய். உன் கையில் ஒரு குறையும் இல்லை, அண்ணா. நீ மேனேஜரின் தலைமாட்டில் அந்த இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தாய். குறை முழுக்க என் கையில் இருந்தது.

அந்தக் குட்டிக்குப் பால் வேண்டாம், நிறையப் பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் வை. யார் சொன்னது என்று கேள். எங்கள் டாக்டர். எப்போது? போன செவ்வாய்க்கிழமை. இப்போதும் அப்படித்தான் சொல்கிறாரா? இதை எழுதுவதற்கு முன்னால் மறுபடி கேட்டேன், அப்படித்தான் சொல்கிறார்.

தண்ணீரை வாசலில் வைக்காதே. உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விடு.

இப்படிக்கு,
அந்த வரியை எழுதிய
உன் தங்கை