நியூட்ரலில் விட்டுப் போங்கள்

ஆகஸ்ட் 19, திங்கள்

விடுதி அலுவலகத்தில் இன்றும் அதே பதில்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் அடையாள அட்டையைப் பார்த்தாள், திருப்பித் தள்ளினாள்.

"நீ பேங்காக் பொண்ணும்மா. விடுதி வெளிமாகாணத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்."

நான் பேங்காக் பெண்ணாம்! பேங்காக்கின் கடைசி விளிம்பான நோங்ஜோக்கில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாசோங்சாவ் மாகாணம். நடுவில் ஒரு பலகைப் பாலம். அந்தப் பக்கத்தில் இருக்கும் நிட்டும் நானும் ஒரே பள்ளியில் படித்தோம், இப்போது ஒரே கட்டடக்கலை வகுப்பில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு விடுதியில் கட்டில், மின்விசிறி, வகுப்புக்கு நடந்தே போகும் பாதை. எனக்கு வீட்டிலிருந்து மின்பூரி வழியாக நகரத்தின் நடுப்பகுதி வரை ஊர்ந்துபோகும் சாலை.

எங்கள் வீட்டுக் கோழி தினமும் பாலம் தாண்டிப் போய் மேய்ந்துவிட்டு வருகிறது. அது விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மழை. ராம்கம்ஹேங் சாலையில் கார் ஓடவில்லை, மிதந்தது. வகுப்புக்குத் தாமதம். திட்டு.

செப்டம்பர் 5, வியாழன்

"காரில் வர்ற மகாராணி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். இருந்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது என்ன கார் என்று யாராவது கேட்டார்களா? அப்பா ஓட்டிய டாக்ஸி அது. டாக்ஸியாக ஓட வயது முடிந்ததும் நீலச் சாயம் அடித்து எனக்குக் கொடுத்தார். கதவைத் திறந்தால் விளிம்பில் பழைய டாக்ஸி இளஞ்சிவப்பு இன்னும் பல்லைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தவளுக்கு நீலம் ஆகாது என்று அம்மா பதறிப்போய், பின் கண்ணாடியில் 'இந்தக் கார் வெள்ளை நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். கிரகங்களுக்கு எழுத்து படிக்கத் தெரியும், நிறம் தெரியாது போல. இதில் போகிறவள் மகாராணி!

பஸ்ஸில் வரலாமே என்கிறார்கள். ஒரு மீட்டர் அகலத்துக் கட்டட மாடலைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

ஸ்டுடியோ ஆசிரியர் வொராவுத் — ஆசிரியர்களை 'ஆஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும் — இன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கறவன் ராத்திரி முழுக்க வேலை பாக்கறான். கார் வச்சிருக்கறவங்க சாயங்காலம் ஆனா சாவியைத் தேடறாங்க."

கைகூப்பிவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? ஆசிரியரின் மனம் கோணக் கூடாது என்று சொல்ல வந்ததை விழுங்கி விழுங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். என் வயிற்றில் இப்போது சொற்கள்தான் நிறைய இருக்கின்றன.

செப்டம்பர் 18, புதன்

இங்கே கார் நிறுத்துவது தனிக் கலை. கோடு போட்ட இடங்கள் விடிவதற்குள் நிரம்பிவிடும். பிறகு வருகிறவர்கள் அவற்றுக்குப் பின்னால் குறுக்கே வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வர, குறுக்கே நிற்கும் காரைக் கையால் தள்ளி நகர்த்திக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் எல்லோரும் நியூட்ரலில் விடுகிறோம்.

அப்பா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, ஓட்டுவதற்கு முன்னாலேயே நிறுத்துவதைத்தான் கற்றுக்கொடுத்தார். "கியரை நியூட்ரல்ல போடு. ஸ்டியரிங்க நேரா வை. கை பிரேக்கை இறக்கிடு. இறங்கி ஒரு விரலால தள்ளிப் பாரு. நகரலன்னா நீ நிறுத்தல, அடுத்தவன் கழுத்துல உக்காந்திருக்க."

அதனால் நான் தினமும் இறங்கி ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நம்பிக்கொண்டும் இருக்கிறேன்.

அக்டோபர் 30, புதன்

இறுதி மதிப்பீடு டிசம்பர் 4. மாடல் ஒன்பது மணிக்குள் மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தோல்வி. இந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். தோற்றால் ஒரு வருடம் அப்படியே போகும் — இன்னொரு வருடம் இந்தச் சாலை. யோசித்தாலே காலில் கிளட்ச் வலி.

நான் வடிவமைப்பது வாய்க்கால் கரையில் ஒரு சந்தை. கீழே படகுகள், மேலே கடைகள், நடுவில் படிக்கட்டு.

நவம்பர் 15, வெள்ளி

லோய் கிராதோங், விளக்கு மிதக்கவிடும் திருவிழா. நிட் ஊருக்கு வந்திருந்தாள். வாழைத்தண்டில் விளக்கு வைத்து இருவரும் வாய்க்காலில் விட்டோம். அவளுடையது அவள் கரையோரமாகவே போனது. என்னுடையதும் காற்றில் திரும்பி அந்தப் பக்கம்தான் ஒதுங்கியது. விளக்குக்குக்கூட விடுதி கிடைத்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

யார் இந்தச் சிவப்புப் பலகைக்காரன்?

புதுக் கார். இன்னும் நிரந்தர எண் வராததால் சிவப்பு நம்பர் பலகை. வெள்ளை வெளேரென்று என் காருக்குப் பின்னால் குறுக்கே நிற்கிறது. தள்ளினேன், நகரவில்லை. காவல்கார பிரசோங் மாமா வந்து சேர்ந்து தள்ளினார். அசையவே இல்லை. பிரேக் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்! கண்ணாடியில் தொலைபேசி எண்ணும் கிடையாது.

"எந்தப் பணக்கார வீட்டுப் புள்ளையோ, போன வாரத்துலேர்ந்து வருது. நான் பாக்கறதுக்குள்ள எறங்கிப் போயிடுறாங்க" என்றார் மாமா.

உருகும் வெயிலில் காத்திருந்துவிட்டுக் கடைசியில் குளிர்பானக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் கார் இல்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா?

டிசம்பர் 3, செவ்வாய்

மாடல் முடிந்தது. அப்பா பின் இருக்கையை மடக்கிவிட்டு, டிக்கி வழியாக அதை உள்ளே தள்ளினார். தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். சுற்றிலும் தலையணைகள்.

டிசம்பர் 4, புதன்

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியும் முன்பே போய்ச் சேர்ந்தேன். காரின் மூக்கைச் சுவரோடு வைத்து நிறுத்த நல்ல இடம் கிடைத்தது. காரிலேயே கொஞ்சம் தூங்கினேன். மேலே போய் வரைபடங்களை மாட்டினேன். ஒட்டரிசியும் பன்றிக்கறிக் குச்சியும் வாங்கித் தின்றேன். மாடலை எடுக்க நிட்டோடு கீழே வந்தால் — சிவப்புப் பலகை. என் டிக்கிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இரண்டு பக்கமும் கார்கள். கதவு பாதிதான் திறக்கும். மாடல் டிக்கி வழியாக மட்டும்தான் வரும்.

தள்ளினோம். நானும் நிட்டும். பிறகு மாமா. பிறகு வழியில் போன பொறியியல் பையன்கள் நாலைந்து பேர், "ஏய், ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று கத்திக் கத்தித் தள்ளினார்கள். கார் லேசாகக் குலுங்கியது. அலாரம் அலறத் தொடங்கியது. நகரவில்லை. மாமா ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். சிவப்புப் பலகை, வெள்ளைக் கார், உரியவர் வரவும். யாரும் வரவில்லை.

"சோம், மணி ஆகுது" என்றாள் நிட். அழுகிற குரலில்.

முன் கதவு வழியாக உள்ளே நுழைந்து பின்னால் தவழ்ந்தேன். கட்டரை எடுத்தேன். என் சந்தையை நடுவில் வெட்டினேன். கூரை, கடைகள், படிக்கட்டு, தண்ணீருக்காக ஒட்டிய கண்ணாடித்தாள் — எல்லாவற்றையும். மூணு மாசம். பாதியை வெளியே நிட்டிடம் கொடுத்தேன், மீதியோடு நான் வந்தேன். யாரைத் திட்டினேன் என்று தெரியவில்லை. அந்தக் காரைத்தான் என்று நினைக்கிறேன். அதன் டயரை ஓங்கி உதைத்தேன். கால் வலிக்கிறது.

மேலே போனபோது ஒன்பது தாண்டிவிட்டது. ஆஜான் வொராவுத் மற்ற இரண்டு ஆசிரியர்களோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு துண்டுகளையும் பார்த்தார்.

"தாமதம். அதுவும் உடைஞ்சு போச்சு."

"ஆஜான், கார் நிறுத்துற இடத்துல—"

"தெரியுமே. கார்ல வர்றவங்களுக்கு எப்பவும் ரோடு ஒரு காரணம், பார்க்கிங் ஒரு காரணம். அடுத்து."

கைகூப்பினேன். இரண்டு துண்டுகளையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நிட்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

அதே நாள், மாலை

வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் காரின் பக்கத்திலேயே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். எவன் வருகிறான் பார்த்துவிடுவது என்று. வழக்கமாக ஆசிரியர்கள் நிறுத்தும் கொட்டகையில் கூரை வேலை நடக்கிறது என்று மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஒருவர் வந்து அந்தக் காரை நோக்கிச் சாவியை நீட்டினார். விளக்கு பளிச்சிட்டது. ஆஜான் வொராவுத்.

ஒரு நிமிடம் எனக்கு எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே. உடம்பு தானாகக் கைகூப்பியது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"ஆஜான், இது உங்க காரா?"

"ஆமா. ஏன்?"

"காலைல என் டிக்கியை அடைச்சுக்கிட்டு நின்னது இதுதான். இதனாலதான் நான் மாடலை வெட்டினேன். ஒலிபெருக்கியில கூப்பிட்டாங்களே, கேக்கலையா?"

"கேட்டுது. நியூட்ரல்லதானே விட்டிருக்கேன், தள்ளிக்குவாங்கன்னு விட்டுட்டேன்."

"தள்ளினோம். எட்டுப் பேரு."

"சரியா தள்ளியிருக்க மாட்டீங்க."

சரியா தள்ளியிருக்க மாட்டோமாம்! காரைத் தள்ளுறதுல என்ன சரி, என்ன தப்பு? அதுக்கும் வரைபடம் போட்டுக் கொண்டாரணுமா?

"நீங்களே தள்ளிப் பாருங்க ஆஜான்."

சொன்னது நான்தானா என்று இப்போதும் நம்ப முடியவில்லை. அவர் சிரித்தார். பையைத் தோளில் வைத்துக்கொண்டே ஒரு கையால் தள்ளினார். நகரவில்லை. பையைத் தரையில் வைத்தார். இரண்டு கையாலும் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பொறியியல் பையன்கள் நின்று பார்த்தார்கள். மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் பழைய கார் நகரும்" என்றார் ஆஜான், மூச்சு வாங்க. என்னிடமா, காரிடமா தெரியவில்லை. பிறகு ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை.

டிசம்பர் 5, வியாழன்

விடுமுறை. அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "புதுக் காரு. எஞ்சினை அணைச்சா பிரேக் தானா விழுந்துடும்" என்றார். எனக்கு அந்த ஆளுக்காகச் சமாதானம் சொல்கிறாரே என்று அப்பா மேலேயும் கோபம். சாப்பிடவில்லை. பிறகு பசித்தது.

டிசம்பர் 6, வெள்ளி

கார் நிறுத்துமிடத்தில் ஆஜான் வொராவுத். பானெட் மேல் காரின் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"சோம், வா. தள்ளு."

தள்ளினேன். நகரவில்லை. உள்ளே ஏறி ஏதோ பொத்தானை அமுக்கினார். "இப்ப?" இல்லை. மறுபடி ஏறினார். "இப்ப?" இல்லை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி படித்தார், ஏறி எதையோ அமுக்கிவிட்டு இறங்கினார். "இப்ப?"

கார் ஓடியது! பூந்தொட்டிகளைப் பார்த்து ஓடியது. அவர் பின்னாலும் நான் முன்னாலுமாக ஓடிப் பிடித்தோம்.

"புதன்கிழமை மாடலைக் கொண்டா. அந்த ரெண்டு ஆசிரியர்களும் இருப்பாங்க" என்றார்.

மன்னிப்பு? அது இன்னும் அந்தக் கையேட்டில் அவர் படிக்காத பக்கத்தில் இருக்கிறது போல.

டிசம்பர் 8, ஞாயிறு

நிட் பாலம் தாண்டி வந்தாள், பசையோடு. வேண்டாம் என்றேன். "பைத்தியமா உனக்கு? ஒட்டினா அழகா இருக்கும்ல?" அழகு வேண்டாம். வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும். பார்க்கட்டும்.

டிசம்பர் 11, புதன்

இரண்டு துண்டுகளையும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மேசையில் வைத்தேன். எந்தச் சாண் என்று ஆஜானுக்குத் தெரியும்.

மற்ற ஆசிரியர்களில் ஒருவர், "ஏம்மா ஒட்டாம கொண்டு வந்திருக்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆஜான் வொராவுத் சொன்னார்.

"இந்த வெட்டு என்னால வந்தது. என் காரு இவ வழியை அடைச்சு நின்னுச்சு. அன்னிக்கு இவளைப் பேச விடாம அனுப்பினதும் நான்தான். தப்பு என்னோடது."

வகுப்பே கேட்டது. மகாராணி என்று பெயர் வைத்தவனும் கேட்டான். அன்று வராத அழுகை இன்று வந்து தொலைத்தது.

அதோடு விட்டாரா? குனிந்து, வெட்டின இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். "வெட்டினதும் நல்லதாப் போச்சு. இந்தப் படிக்கட்டுல நடந்தா தலை உத்தரத்துல இடிக்கும். வெளியிலேர்ந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்காது."

மனுஷனா இவரு!

இடிக்கும்தான். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

சி பிளஸ். தேறிவிட்டேன். அடுத்த வருடம் மூன்றாம் ஆண்டு. அம்மா ஸ்டிக்கரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஜனவரி 8, புதன்

விடுதி அலுவலகத்தில் மறுபடி கேட்டேன். நான் இன்னும் பேங்காக் பெண்தான்.

மத்தியானம் கீழே வந்தால் என் காருக்குப் பின்னால் குறுக்கே அந்த வெள்ளைக் கார். இப்போது நிரந்தர எண் வந்துவிட்டது. முன் கண்ணாடியில் ஒரு தாளில் தொலைபேசி எண், கட்டடக்கலைக்காரரின் நேர்த்தியான எழுத்தில். ஸ்டியரிங் நேராக இருந்தது. மர நிழலாகப் பார்த்து நிறுத்தியிருந்தார்.

ஒரு விரலால் தள்ளினேன். நகர்ந்தது.

பிறகு இரண்டு கைகளையும் கொடுத்து, நிழலைத் தாண்டி, நல்ல வெயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.