மெல்பேர்னில் ஒரு படம் மாட்டினேன்

அன்பான அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி? தங்கச்சி நிலானி தைலம் பூசிவிடுகிறாளா? தலவில் கோயில் புனித அன்னம்மாளின் புண்ணியத்தில் நான் சுகம்.

ஒரு புதினம் கேளுங்கள். நான் உடுப்புத் தோய்க்கிற கால்பந்துக் கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரை விலக்கிவிட்டார்கள். முட்டை மாதிரிப் பந்தைக் கையாலும் குத்தி விளையாடுகிற இந்த ஊர் ஆட்டத்தில், தோற்றால் முதலில் போவது அவர்தான். எங்கள் கழகத்தில் அநேகம்பேர் மூன்று வருடம்கூட நின்றதில்லை. போனவர்களின் படங்கள் நடைச் சுவரில் தொங்குகின்றன. கிண்ணம் வென்ற இருவர் மட்டும் வாசலில்.

ஊரில், கண்டக்குழியில், அப்பாவின் அடக்கத்துக்கு வர நான் லீவு கேட்டேனே, "சீசன் முடியட்டும், பார்ப்பம்" என்றவர் இந்தப் பயிற்சியாளர்தான்.

இவருடைய படத்தை மாட்டும் வேலை நேற்று என்னிடம் வந்தது. கக்கூசுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். சாமான் பெட்டியோடு வெளியேறியவர் அதைக் கண்டுவிட்டார்.

"டெஸ்மன், வாசல் பக்கம் மாத்தி விடுறியா?" என்று கெஞ்சினார்.

"சீசன் முடியட்டும், பார்ப்பம்" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. முகம் சிவக்கப் பெட்டியோடு வெளியேறினார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை அம்மா. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லப்போவதில்லை.

அப்பா இடுப்பில் கட்டின சாரம் ஒன்றைத் தோய்க்காமல் அனுப்புங்கள். இங்கே எதை மணந்து பார்த்தாலும் சலவைச் சவுக்காரம்தான்.

புதிய பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஓடவேண்டும். நல்லவர்போலத்தான் தெரிகிறார். என்றாலும் அவர் படத்துக்கும் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மகன்,
டெஸ்மன்