பதினொன்றேகாலுக்குச் சீறும் சூரியன்

அன்பு மகன் ஜெரால்டுக்கு,

பரவையில் நாங்கள் மூவரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன், உன் தங்கை பெர்சி எழுதுகிறாள். போனில் வாயெடுத்தால் நீ சூரியனைப் பற்றியே பேசுகிறாய், அதனால்தான் கடிதம். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மொட்டைமாடியில் பழைய டிவி டிஷ்ஷை நிறுத்தி, சூரியனில் கரும்புள்ளி உள்ள இடத்திலிருந்து வரும் ரேடியோ அலையை இது அளக்கும் என்றாயே, அது நன்றாகத்தான் இருக்கிறது. அங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தால் தினமும் பதினொன்றேகாலுக்குக் கோடு மேலே ஏறுகிறது, சூரியன் சீறுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீறுவதில்லை, இதுவரை யாரும் கண்டதில்லை, அடுத்த மாதம் கருத்தரங்கில் கட்டுரையாக வாசிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதை அப்பா அன்றே பங்குச்சாமியாரிடம் சொல்லிவிட்டார். அவர் பிரசங்கத்தில், சூரியனே ஆண்டவர் நாள்ல வேல பாக்கல, நீங்க என்னய்யா கடையத் தொறக்குறீங்கன்னு கேட்டார். கோயிலே கை தட்டியது.

மகனே, அந்த நேரத்தில்தான் நான் டிஷ்ஷுக்கு முன்னால் நின்று மோர்மிளகாய் புரட்டுவேன். ஞாயிறன்று பூசையில் இருப்பேன். சூடுள்ள எந்த உடம்பும் கொஞ்சம் ரேடியோ அலை விடுமாம், டிஷ் என்னையும் அளந்துவிட்டதாம், பெர்சி புத்தகம் பார்த்துச் சொன்னாள். நான் நம்பவில்லை. முந்தின ஞாயிறு அவள் பூசைக்கு வராமல் கீழ்வீட்டு விருமாண்டியை அங்கே நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அவன் உடம்புதான் உனக்குத் தெரியுமே, சூரியன் என்னைவிடப் பெரிதாகச் சீறிவிட்டது. யக்கா, ஒங்க சூரியனுக்கு நான் தாய்மாமன் மொறை ஆகணும்னு தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். அப்பா இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. சாமியாருக்கு இன்னும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமென்று போய், இது எந்தப் பாவத்தில் சேரும் என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

பெருமைக்காக அதை வாசித்துவிடாதே ராசா. எழுந்து நின்று, அது சூரியன் இல்லை, எங்கம்மா என்று சொல்லிவிடு. சிரித்தால் சிரிக்கட்டும், பொய் சொன்ன பேர் நமக்கு வேண்டாம். அந்த மோர்மிளகாய்தான் இந்தப் பார்சலில் இருக்கிறது, தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள். குல்லா போடாமல் வெளியே போகாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
இன்னாசியம்மாள்

அண்ணே, இது பெர்சி. நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் கறிச்சோறு சாப்பிடும்போது கம்ப்யூட்டரில் அந்தக் கோடு தானாக ஏறி ஐந்து நிமிடம் நின்றது. மாடிக் கதவு பூட்டியிருந்தது, சாவி என்னிடம். விருமாண்டி மாமாவும் எங்கள் பந்தியில்தான் இருந்தார். அண்ணே, இது நிஜச் சூரியன்தான், கருத்தரங்கில் இதை வாசி. சாமியாரிடம் மட்டும் நீயே போன் செய்து சொல்லிவிடு.