வெயிலில் காய்ந்த பாராசூட்

2024 நவம்பர் 19
ஜங்லிகாட் கடையில் வியாபாரம் மந்தம். பக்கத்துக் கடை ராணி வம்புக்கு வந்தாள். "அக்கா, நீ மேலேருந்து குதிச்சா கருவாட்டு வெல எறங்குமா?" எறங்காதுடி, உன் வாய் வேணா எறங்கும் என்றேன். சிரித்தாலும் குத்தியது. மார்ச்சில், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிற முதல் லைசென்ஸ் வாங்கியதோடு சரி. தீவில் குதிக்க இடமில்லை. அடுத்த லைசென்ஸுக்குப் பாதிக் குதிப்பு பாக்கி. கைவிட்டுப் போகிறதோ?

டிசம்பர் 8
ஒரு வாரம் திக்லிபூரில் சரக்குப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் இடுப்பொடிந்து வந்து சேர்ந்தேன். முற்றத்தில், கருவாடு காயும் பரண்மேல் என் பாராசூட்! மழைக்காலம் முழுக்கக் குடோனில் கிடந்து பூஞ்சை வாடையாம். என் வீட்டுக்காரர் அந்தோணிமுத்து சோப்புப்பொடி போட்டு அலசி, நாலைந்து நாளாக வெயிலில் விரித்திருக்கிறார். "வலைய எப்படிப் பாத்துக்கிடுதோம்? அதே மாதிரிதான் செல்வி. பாரு, புதுசு." முகர்ந்து பார்த்தேன். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. வகுப்பில் மடிக்கத்தானே சொல்லிக் கொடுத்தார்கள், துவைக்கலாமா கூடாதா என்று யார் சொன்னார்கள்? கல்யாணமாகி இந்த மனுஷன் என் துணியைத் துவைத்தது இதுதான் முதல் தடவை.

2025 ஜனவரி 14
மெயின்லேண்ட், குதிக்கிற மைதானம். குளிர். கை காலெல்லாம் துறுதுறு.

ஜனவரி 15
பயிற்சியாளர் சுதாகர் துணியில் வாய் வைத்து ஊதினார். மறுபக்கம் என் உள்ளங்கையில் காற்றுப் பட்டது.
"காத்தைப் பிடிக்கவேண்டிய துணி மேடம். சோப்பும் வெயிலும் தின்னுடுச்சு. யாரும் பாக்காம இதோட குதிச்சிருந்தா..."
இதை விற்கவும் முடியாது. இன்னொருத்தர் தலையில் கட்டினால் கொலை. நாளைக்கு வாடகைப் பாராசூட் தருகிறாராம்.

ஜனவரி 16
விமானக் கதவு திறந்தது. முன்னால் இருந்தவர்கள் போய்விட்டார்கள். எனக்குக் கால் வரல. முதுகுல இருக்கிற வாடகைப் பாராசூட் நல்ல துணிதான், தெரியும் — ஆனா கண்ணுக்குள்ள அந்தப் பரண்தான் நிக்குது. அவர் ஆசை ஆசையா விரிச்சு வெச்சது. சுதாகர் கையைக் காட்டினார். மாட்டேன்னு தலையாட்டினேன். விமானத்தோடேயே இறங்கினேன். சண்டைக்கார ஏவாரிங்ககிட்டகூட நான் பின்வாங்கினதில்லயே!

ஜனவரி 17
அதே கதவு. அதே கால்.

ஜனவரி 21
வீடு. "எத்தன தடவ குதிச்ச?"
காத்து சரியில்லை என்றேன்.
"அச்சா, அடுத்த சீசன் பாத்துக்கிடலாம். துணி எப்படி? சுத்தமா இருந்துச்சுல்ல?"
"ரொம்ப சுத்தம்."
சொன்னால் இந்த மனுஷன் சோறு தின்ன மாட்டார்.

மார்ச் 3
சுதாகர் போன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 6
கடைக்குப் பின்னால் கருவாடு தரம் பிரிக்கிற பெண்களுக்கு வெயில் தாங்கவில்லை. பாராசூட்டை எடுத்துவந்து பந்தலாக இழுத்துக் கட்டினேன். அந்தோணிமுத்து ஓடி வந்தார்.
"ஏ செல்வி! இதையா? கெட்டுப் போயிராதா?"
"இனிமே கெடாது."
துணியின் ஓரத்தை விரலால் தேய்த்து, தான் துவைத்ததையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த சீசன் பற்றிக் கேட்கவில்லை. மறுமுனைக் கயிற்றைப் பிடித்து, முடிச்சைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டே இருந்தார். காற்று வந்தது. துணி லேசாக உப்பி, தொய்ந்தது.
ராணி எட்டிப் பார்த்தாள். கேலி பண்ணாமல், தன் கூடையையும் நிழலுக்குள் நகர்த்தி வைத்தாள்.